மேலே போன எட்டுக் குண்டுகள்

என் பிழைப்பு தராசு. பர்மாவில், கியாக்டடாப் பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேஜை போடும் அளவு இடத்தில், நகைக்கடைத் தராசுகளையும் மருந்துக்கடைத் தராசுகளையும் பழுது பார்க்கிறேன். துப்பாக்கிக்கும் எனக்கும் சம்பந்தம் வந்ததே தராசால்தான். துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றின் செயலாளர் ஒருநாள் சின்னத் தராசு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். எல்லோரும் அவரைச் சயா, அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார்கள். கடுகளவு வெடிமருந்து கூடினாலும் குறைந்தாலும் காட்ட வேண்டிய தராசு அது. முள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. சரிசெய்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படிப் போனவன் ஏழு வருஷம் அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

கிளப்பில் இலக்குப் போட்டிக்கான பழைய ரைஃபிள் ஒன்று இருந்தது. அதற்குக் கடைத் தோட்டா எப்போதாவதுதான் வரும், வந்தாலும் பெட்டிக்குப் பெட்டி வேறு மாதிரி சுடும். அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளையே திரும்ப எடுத்து, புது மருந்தும் குண்டும் வைத்துக் கையாலேயே தோட்டா செய்வதற்குக் கிளப் அனுமதி வாங்கியிருந்தது. செய்து பார்த்தவர்களுக்குப் பொறுமை இல்லை. எனக்கு இருந்தது. சயா மருந்து அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதை நானாகவே கண்டுபிடித்தேன். மருந்தின் எடையை மாற்றும் வாரம் குண்டு உட்காரும் ஆழத்தைத் தொடமாட்டேன். ஆழத்தை மாற்றும் வாரம் மருந்து அப்படியே இருக்கும். ஐந்தைந்தாகச் செய்து, மணல் மூட்டையில் துப்பாக்கியைக் கிடத்திச் சுட்டு, ஐந்து துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று நோட்டில் எழுதுவேன். முதலில் உள்ளங்கை அகலம் இருந்தது. ஒரு வருஷம் கழித்து இரண்டு விரல் அகலத்துக்கு வந்தது. அன்று நான் குடியிருக்கும் இன்சீனுக்கு ரயிலில் திரும்பும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் கீரைக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் என்னவென்று சொல்வது?

அந்தத் தோட்டாக்களை நான் செய்தது ஒருத்திக்காக. அவளுக்கு அப்பா வழி தமிழ், அம்மா பர்மியர். ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபாக்டரியில் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்கச் சட்டைக் காலரில் கோணல் தையல் தேடும் கண் அவளுக்கு. தமிழ் புரியும்; பேசும்போது பாதியில் பர்மியத்துக்குப் போய்விடுவாள். என்னை அண்ணே என்பாள். கிளப்பில் அவளைவிட அனுபவம் உள்ளவர்கள் இருந்தார்கள், ஆனால் அவளைப்போல் அசையாமல் படுத்திருக்க ஒருவராலும் முடியாது. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் அது எங்கே விழுந்திருக்கும் என்று, பார்ப்பதற்கு முன்பே எனக்குச் சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. முந்நூறு கஜம், இருபது குண்டு. ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். நான் ஐம்பது தோட்டா செய்ய உட்கார்ந்தேன். முப்பது முடிந்ததும் மருந்து டப்பா காலியானது. அலமாரியில் அதே பெயர், அதே நிறத்தில் இன்னொரு டப்பா இருந்தது. அதைத் திறந்து மிச்ச இருபதையும் முடித்தேன்.

டப்பா மாறினால் திரும்ப முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரே பெயரில் வந்தாலும் ஒரு தடவை தயாரித்த மருந்து போல இன்னொரு தடவை தயாரித்தது எரியாது. தெரிந்தும் செய்தேன். தராசு சரியான எடையைக் காட்டியது, அது போதும் என்று நினைத்தேன். தராசுக்காரன் புத்தி.

அதோடு விட்டேனா? ஐம்பதையும் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து, கொஞ்சமும் ஆடாமல் நேராக உருண்ட இருபதைப் பொறுக்கிப் போட்டிப் பெட்டியில் வைத்தேன். அதில் எது பழைய மருந்து, எது புது மருந்து என்பது அப்போதே கலந்துபோயிற்று.

தேர்வுப் போட்டியன்று துப்பாக்கியின் குறி சரிபார்க்க அவள் சுட்ட முதல் குண்டுகள் முந்தைய மாதத்துப் பெட்டியிலிருந்து எடுத்தவை. எல்லாம் நடுவில் விழுந்தன. பிறகு என் பெட்டியைத் திறந்தாள். இரண்டு நடுவில், ஒன்று மேலே. ஒன்று நடுவில், இரண்டு மேலே. குறியைக் கீழே இறக்க, துப்பாக்கியின் பார்வைக் குமிழை இரண்டு சொடுக்கு திருப்பியிருக்கலாம். அவள் தொடவே இல்லை. துப்பாக்கியையும் சந்தேகப்படவில்லை, என் தோட்டாவையும் சந்தேகப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, தன்னையே சரிசெய்துகொள்ளப் பார்த்தாள். பின்னால் நின்ற எனக்கு அவள் தோள் மட்டும் தெரிந்தது. நான்காவதாக வந்தாள்.

துளைகள் மேலும் கீழுமாக விழுந்தால் மூச்சுக் கோளாறு என்பது அங்கே எல்லோரும் சொல்வது. அன்றும் சொன்னார்கள். சயா அவள் தோளைத் தட்டி, மூச்சைக் கவனி என்றார். அவள் தலையாட்டினாள். என்னிடம் வந்து, தோட்டாவுக்கு நன்றி சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து அலமாரியைத் துடைக்கும்போது இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அடியில் அச்சடித்திருந்த தயாரிப்பு எண்கள் வேறு வேறு. மிச்சமிருந்த முப்பது தோட்டாவையும் எடுத்துக்கொண்டு போய், மணல் மூட்டையில் துப்பாக்கியை வைத்து ஒவ்வொன்றாகச் சுட்டேன். பதினெட்டு நடுவில் ஒரு கூட்டமாக விழுந்தன. பன்னிரண்டு அதற்கு மேலே இன்னொரு கூட்டமாக. புது மருந்தில் செய்தது இருபது. பன்னிரண்டு இங்கே இருந்தால் மிச்சம் எட்டு அவளிடம் போயிருக்கிறது. கிளப் கோப்பிலிருந்து அவளுடைய இலக்குத் தாளை எடுத்து எண்ணினேன். மேலே போனவை சரியாக எட்டு.

அன்றே சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அந்த ஞாயிறு சயா எல்லோர் முன்னாலும் என்னைப் பக்கத்தில் அழைத்து, தேர்வானவருக்கும் நானே தோட்டா செய்ய வேண்டும், இந்த ஊரில் இந்தக் கை வேறு யாருக்கும் கிடையாது என்றார். கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். அன்றும் சொல்லாமலே ரயில் ஏறினேன்.

தேர்வானவருக்கு ஒரே டப்பாவிலிருந்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் செய்து கொடுத்தேன். அதில் தவறு வரவில்லை. அதைச் சொல்லி என்ன.

அதற்கடுத்த மாதம் அவள் என் மேஜைக்கே வந்தாள். மருத்துவமனைக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கவரிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஃபாக்டரித் துணித்தூசியாக இருக்குமோ என்று பயந்திருக்கிறாள். "ஒண்ணும் இல்லேன்னா அப்ப என் மனசுதான் சரியில்ல, அண்ணே," என்றாள். "போட்டின்னா எனக்கு வரல. விட்டுரலாம்னு இருக்கேன்."

அந்தப் படத்தின் வழியாகத் தெருவில் போகும் பஸ் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்: "கொஞ்ச நாள் ஓய்வு எடும்மா."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் பல உண்டு. இது பொய்கூட இல்லை. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் நான் எடுத்துக்கொள்ளும் வார்த்தை இதுதான். அவள் ஓய்வு எடுத்தாள். திரும்பி வரவில்லை. கொஞ்ச காலத்தில் கிளப்பையும் மூடிவிட்டார்கள். ரைஃபிளை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். சயா மகனோடு வெளிநாடு போய்விட்டார். என் நோட்டும் அவளுடைய இலக்குத் தாளும் மட்டும் என்னிடம் தங்கின.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு காலை, ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில், இன்சீன் ஸ்டேஷனில் நான் ஏறிய பெட்டியில் அவளும் ஏறினாள். முகத்தில் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசியிருந்தாள், கையில் பூக்கட்டு. கோயிலுக்குப் போகிறாளாம். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் தொழில் எப்படி என்று விசாரித்தாள். ஃபாக்டரியில் இப்போது அவளுக்குக் கீழே இருபது பேர். நான் இரண்டு ஸ்டேஷன் பொறுத்தேன். பிறகு டப்பா மாறியதிலிருந்து, கை தட்டியது வரைக்கும், எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தேன்.

அவள் பூக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"எட்டு."

"அப்ப மத்தது பன்னெண்டு."

"பன்னெண்டும் நடுவுல. அது உன் கை. எட்டு மேலே போனது என் கை."

பர்மியத்தில் ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரயில் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. இறங்கும் இடம் நெருங்கியபோதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அடுத்த வருஷமும் வந்திருப்பேன், அண்ணே. இப்பச் சொல்றீங்க. இப்ப எங்க போய்ச் சுடுறது?"

குரல் உயரவில்லை. அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அடுத்த ஞாயிறு அதே ரயிலில் கொண்டுவரச் சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

கொண்டுபோனேன். தாளை முழங்காலில் விரித்து, மேலே இருந்த எட்டுத் துளைகளையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கீழே இருந்தவற்றைப் பார்த்தாள். விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்போதும் சில ஞாயிறுகளில் ரயிலில் பார்த்துக்கொள்கிறோம். அம்மா உடம்பு, மின்சாரம் போவது, அரிசி கிடைப்பது என்று பேசுவோம். என்னை மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாள், அவள் சுபாவம் அப்படி. அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட எனக்கு மனம் வரவில்லை.