வாசல் நிலைக்குக் கீழே நான் வைத்த சிமிழ்

மெல்பேர்ன் நோபல் பார்க்கில் இருக்கிற என்ரை வீட்டை நானே கட்டினேன். கோயிலின் சுற்றுமதில் என்ரை கைவேலை. ஸ்பிரிங்வேலில் இரண்டு கடைகள், மகளின் வீட்டு மேல்மாடி, இந்தப் பக்கமெல்லாம் எத்தனையோ செங்கல் மதில்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வந்த புதிதில் ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவினவன், இங்கிலீஷ் இன்றைக்கும் ஒழுங்காய் வராதவன் கட்டினது இவ்வளவும். அதோடு, மெல்பேர்னிலிருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓடினால் வருகிற நாட்டுப்புறப் பட்டினம் ஒன்றின் பழைய மண்டபமும் என்னால்தான் நிமிர்ந்து நிற்கிறது. இதை மட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை.

அந்த மண்டபம் நிற்கிற தெரு முழுவதையும் அரசாங்கம் மரபுரிமை இடமாகப் பதிந்து வைத்திருக்கிறது. தங்கம் தோண்டின காலத்துக் கட்டடங்கள். ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். மண்டபத்து வாசல் நிலையைக் கறையான் தின்றுவிட்டதென்று, வேலையை எடுத்த வெள்ளைக்காரக் கொன்றாக்டர் என்னைக் கூப்பிட்டார். பழைய நிலை மாதிரியே புது நிலை செய்து நிறுத்தினது நான்.

நிலை வைக்கிறதுக்கு எங்கட ஆட்களிடம் ஒரு முறை இருக்கு. அடியில் பஞ்சலோகம், முத்து, மஞ்சள், காசு வைக்காமல் நான் ஒரு நிலையையும் நிறுத்தினது கிடையாது. வெள்ளைக்காரர் மண்டபம் என்றால் மட்டும் விடலாமோ? அதுவும் சனம் போய்வருகிற வாசல்தானே. எல்லாவற்றையும் ஒரு பித்தளைச் சிமிழில் போட்டேன். காசுக்கு, ஸ்பிரிங்வேலில் பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கின இலங்கைச் செப்புச் சதம். நூறு வருடத்துக்கு மேல் பழசு, அந்தக் காலத்து வெள்ளைக்கார ராணியின் தலை போட்டது. ஈரம் இறங்காமல் இருக்க, இரண்டு ட்யூப்பைக் கலந்து பூசுகிற பசையை மூடியைச் சுற்றிப் பூசினேன். என்ரை மனிசி கட்டித்தந்த மட்டன் ரோல்ஸைச் சாப்பிட்டபடி கொன்றாக்டர் பக்கத்தில் நின்று எல்லாம் பார்த்தவர். "குட் லக், ஆ?" என்று சிரித்தவர்.

போன வருடம் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட அந்த வாசலைக் கிண்டியிருக்கிறார்கள். மகள்தான் போனில் காட்டினாள்.

"அப்பா, நீங்க வேலை செய்த ஹோல்தானே இது? பழங்காலத்துச் சாமான் ஒண்டு எடுத்திருக்கினமாம்."

படத்தைப் பார்த்தால் என்ரை சிமிழ்.

அடுத்த ஞாயிறே போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள், சின்ன விளக்கும் போட்டு, சாமி மாதிரி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பலகையை மகள் வாசித்துச் சொன்னாள்: நூறு வருடத்துக்கு முதல் துணிமூட்டை சுமந்து ஊரூராய்த் திரிந்த இந்திய, இலங்கை வியாபாரிகள் புதைத்த காணிக்கையாம். அதனால் மண்டபத்தின் மதிப்பு இன்னும் கூடிவிட்டதாம்.

"அது நான் வைச்சதெண்டு சொல்லு, பிள்ளை."

"அப்பா, ப்ளீஸ், மெல்லக் கதையுங்கோ."

"நான் என்ன களவோ எடுத்தனான்? வைச்சனான்!"

அங்கே பொறுப்பாக இருந்த பெண் மகள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். நெஞ்சில் கை வைத்து, அருமையான கதை என்றாள். கதையாம்!

கொன்றாக்டரைத் தேடிப் போனேன். இப்போது அவர் மண்டபத்தைப் பராமரிக்கிற கமிட்டியில் இருக்கிறார். கை கொடுத்தார், மனிசியின் சுகம் கேட்டார், ரோல்ஸையும் கேட்டார். சிமிழ் மட்டும் ஞாபகமில்லையாம்.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. மூடியைத் திறந்த படித்த ஆட்களுக்கு அந்தப் பசை கண்ணில் படவில்லையோ? துணிமூட்டை வியாபாரி எந்த ஹார்ட்வெயார் கடையில் அதை வாங்கினவராம்? கண்டிருப்பார்கள். கண்டுவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வியாபாரிகளை நான் குறை சொல்லவில்லை. பாவம், கஷ்டப்பட்டவர்கள், அவர்களுக்கு வேறு பலகை வையுங்கோ. ஆனால் செத்துப்போனவர் வந்து பெயரைப் போடு என்று கேட்கமாட்டார் என்றுதான் என்ரை வேலையை அவருக்குக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது மகள் சொன்னாள், "விடுங்கோ அப்பா. தெரியாமல் பிழை விட்டிருப்பினம்."

"அவை பிழை விட்டால் எப்பவும் எங்கட பேர்தானே பிள்ளை விடுபடுது?"

அவள் ரேடியோவைப் போட்டாள்.

அந்தத் தெருவில் வேறு நிலைகளும் நான் நிறுத்தியிருக்கிறேன். எந்த வாசல்கள் என்று இப்போதைக்குச் சொல்லமாட்டேன். முதலில் இந்தப் பலகையைக் கழற்றுங்கோ. மண்டபத்தை வரைந்த இஞ்சினியரின் பெயர் சுவரில் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்குதோ, அவ்வளவு பெரிய எழுத்தில், இந்த நிலையை நிறுத்திச் சிமிழ் வைத்தவர் என்று என்ரை பெயரைப் போடுங்கோ. தமிழிலும் போடவேண்டும்.