அம்பு படாத கவிதை

போன ஞாயிற்றுக்கிழமை என் கவிதையின் மேல் அம்பு பாய்ந்தது. ஒன்றல்ல, சரமாரியாக!

பதற வேண்டாம், ஆள் நலம்தான். சம்பவம் நடந்தது வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கேன்டீனில். அங்கே வேலை செய்யும் சிலர் லீவு நாளில் கூடி, தாங்கள் எழுதிய கவிதைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த முறை சிறப்பு விருந்தினர் நான். எழுத்தாளனுக்கு ‘சிறப்பு’ என்று ஒரு சொல் போதாதா? இஸ்திரி போட்ட சட்டையில் போய் இறங்கினேன்.

கூட்டத்தை நடத்துபவர் அமுதா. செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். மாலை, பொன்னாடை ஒன்றும் இல்லை. என் கையில் ஒரு ஸ்டிக்கர் தாளைக் கொடுத்தார். தாள் நிறையச் சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள்.

“துணியில ஓட்டை, கறை, தையல் விட்டது எங்கிருந்தாலும் இதை ஒட்டீருவோமுங்க. இங்கயும் அதேதானுங்க சார். கவிதைத் தாள் சுத்தி வரும். எந்த இடம் இடிக்குதோ அங்க ஒட்டீருங்க. சுத்தி முடியற வரைக்கும் ஆரும் பேசக் கூடாதுங்க.”

ஒவ்வொரு தாள் கிளம்பும் முன்பும் எல்லோரும் ஓர் அம்பை உரித்து இடது கட்டை விரலில் ஒட்டிக்கொண்டார்கள். குறை கண்ணில் பட்டதும் எடுத்து ஒட்ட வசதியாக இருக்குமாம், செக்கிங் டேபிள் பழக்கம். நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதலில் சுற்றியது என் கவிதை. திரும்பி வந்தபோது அதைத் தேட வேண்டியிருந்தது! ‘பிரபஞ்சப் பெருமூச்சு’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். எழுதிய அன்று எனக்கே கை கொடுத்துக்கொள்ளலாம் போல இருந்த வரி. அதை மட்டும் ஒரு பட்டாளமே முற்றுகையிட்டிருந்தது.

“ஏனுங்க சார், பெருமூச்சு விட்டது பிரபஞ்சமுங்களா, நீங்களுங்களா?” என்றார் அயர்னிங் மாஸ்டர் முருகேசன். கொங்கு நாட்டில் குத்தினாலும் ‘ங்க’ சேர்த்துத்தான் குத்துவார்கள்.

அடுத்து அவருடைய கவிதை. வரிக்கு வரி நிலா. விடுவேனா? எல்லா நிலாவுக்கும் ஆளுக்கோர் அம்பு. “ஒரு நிலாவையாச்சும் உட்டு வையுங்க” என்று அவர் கெஞ்ச, எந்த நிலாவை விடுவது என்று பெரிய சண்டை. சம்பளமோ போனஸோ வாங்கித் தராத ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் டீ ஆறிப்போவது தெரியாமல் மல்லுக்கட்டுகிறார்களே… எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பெருமூச்சைக்கூட மறந்துவிட்டேன்.

பிறகு ஸ்டெல்லாவின் முறை. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், இதே கம்பெனியில் குழந்தைச் சட்டைகளுக்குச் செக்கர். பல மாதங்களாக வந்து கேட்டுவிட்டு மட்டும் போனவர் அன்றுதான் முதல் கவிதையைக் கொண்டு வந்திருந்தார். “இன்னைக்குச் சரியா வரலைன்னா இனி எழுதவே மாட்டேன்னு சொல்லிட்டுதானுங்க வந்திருக்குது” என்று அமுதா என் காதில் போட்டு வைத்திருந்தார்.

தாள் கிளம்பியது. ஸ்டெல்லா யாரையும் பார்க்காமல் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தபோது படித்தேன்.

*எந்த ஊர்ப் பிள்ளையோ,
இன்னும் பிறக்கவே இல்லையோ…
கழுத்துத் தையல் உறுத்துமா என்று
என் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன்.
உறுத்தவில்லை.
போட்டுக்கோ, ராசா.*

அடுத்தவர் கை நீட்டும் வரை தாளை நான் விடவில்லை.

தாள் சுற்றி முடித்து ஸ்டெல்லாவிடம் போனது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஓர் அம்புகூட இல்லை! அவர் முகம் வாடிவிட்டது.

“யாருமே படிக்கலையாக்கா? சும்மா தள்ளி விட்டுட்டியளா?”

அவர் சந்தேகமும் நியாயம்தான். கட்டுக் கட்டாகத் துணி பார்ப்பவர். ஒரு குறிகூட இல்லாமல் வந்தால், ‘நல்ல துணி’ என்று தோன்றாதாம். ‘செக்கர் பார்க்காமலே விட்டுவிட்டார்’ என்றுதான் முதலில் தோன்றுமாம். எங்கள் தாள்களுக்கு அத்தனை அம்பு, அத்தனை சண்டை. தன்னுடையதற்கு மட்டும் இப்படி ஓர் அமைதி என்றால்? கண் கலங்கித் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார்.

அப்போது முருகேசன் தன் கட்டை விரலைப் பார்த்தார். மெதுவாக அதை உயர்த்திக் காட்டினார். உரித்து வைத்த சிவப்பு அம்பு அப்படியே இருந்தது.

“ஒட்டோணும்னுதானுங்க வெச்சிருந்தேன். அந்தக் கன்னத்துகிட்ட வந்ததும் மறந்தே போச்சுங்க.”

அமுதாவும் தன் விரலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “எம்பட விரல்லயும் இருக்குது பாரு கண்ணு!” ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கேன்டீன் முழுக்கக் கட்டை விரல்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஓர் அம்பு. குறை பார்க்க உட்கார்ந்தவர்கள் பாதியில் அதை மறந்துவிட்டு வெறுமனே படித்திருக்கிறார்கள்.

ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தார். கண்ணைத் துடைத்தபடி கேட்டார்: “அப்போ அடுத்த வாரமும் கொண்டு வரவாக்கா? இன்னொண்ணு பாதி எழுதி வச்சிருக்கேன்.”

நாமும்தான் எழுதுகிறோம். லைக் எத்தனை, ஷேர் எத்தனை என்று போனையே பார்த்துக்கொண்டு… படிக்கிறவர் தான் உட்கார்ந்த காரியத்தையே மறந்துபோவதைவிட வேறென்ன பரிசு வேண்டும்? பஸ்ஸில் திரும்பும்போது அந்த வரிகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவி கேட்டாள்: “ஏனுங்க, கட்டை வெரல்ல என்னங்க செவப்பா?”

அட, என்னுடைய அம்பும் அப்படியே இருக்கிறது! நடந்ததை எல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, குழம்பை ஊற்றியபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உங்க கவிதைக்கு எத்தன பேரு வெரல்லங்க அம்பு மிச்சம் இருந்துது?”

விட்டேன் பாருங்கள் ஒரு பெருமூச்சு… பிரபஞ்சத்துக்கே கேட்டிருக்கும்!