என் பங்குக்கு வந்த பெரிய மணி

எனக்கு அந்தப் பெரிய மணியைக் கொடுத்தது திறமையைப் பார்த்து அல்ல, உடம்பைப் பார்த்து. தென்காசியில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டி நிறையக் கைமணிகள் இருந்தன. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார டீச்சர் ஒருவர் விட்டுப்போனவை என்று சொல்வார்கள். ஆளுக்கு ஒரு மணி, ஒரு மணிக்கு ஒரு ஸ்வரம். அவரவர் முறை வரும்போது அடித்தால்தான் அது பாட்டு. ஒருத்தி பராக்குப் பார்த்தால் பாட்டில் ஓட்டை விழும். அடித்தவுடன் மணியை நெஞ்சோடு சேர்த்து ஓசையை நிறுத்திவிடவும் வேண்டும்.

பெரிய மணிக்கு வேலை குறைவு. மற்றவர்கள் கலகலவென்று அடித்துக்கொண்டிருக்க, நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டு மரம் மாதிரி நிற்பேன். ஆனால் கடைசி அடி என்னுடையது. அதை மட்டும் நெஞ்சில் சேர்க்கக் கூடாது. எங்களைப் பழக்கிய டீச்சர் தூக்கிய கையை இறக்கும்வரை ஒலிக்க விட வேண்டும். அந்த ஒரு அடிக்காக நான் கொண்ட கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

மணியை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அதனால் தோசைக் கரண்டியை வைத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே நின்று பழகுவேன். தம்பி பிறந்ததிலிருந்து அம்மா படுத்த படுக்கைதான். காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. போர்வையின் மேல் விரலைத் தட்டி எனக்காக எண்ணுவாள். கரண்டி எங்கே ஒலிக்கப்போகிறது? என் முறை வந்ததும் அம்மாவே மெல்ல "ணங்" என்பாள். சிரிப்பு வந்து அடுத்த முறையைத் தவறவிடுவேன்.

குற்றாலத்தில் போட்டி. கிளம்புகிற அன்று காலையில் அம்மா என் சடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"முந்திராத ஏட்டி. எண்ணி முடிச்சிட்டு அடி. வந்து எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லணும், கேட்டியா?"

சீசன் நேரம். வெளியே சாரல், மண்டபத்துக்குள் ஈரத்துணி வாடை. முதல் பாட்டு முடிந்தபோது வாசலில் மாமா நிற்பதைப் பார்த்தேன். அம்மாவின் கூடப்பிறந்தவர், சுரண்டையில் கடை வைத்திருந்தார். என்னைக் கேலி செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. "மணி அடிக்கதுக்கா பள்ளிக்கூடம்? கோயில்ல கொண்டு விட்டா சுண்டலாவது கிடைக்கும்லா" என்று சொன்னவர், குடைகூட இல்லாமல் நனைந்தபடி வந்திருக்கிறார். பெரிய டீச்சர் அவரிடம் ஏதோ பேசிவிட்டு, மேடையோரம் வந்து எங்கள் டீச்சர் காதில் சொன்னார். டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். தப்பில்லாமல் அடி என்று எச்சரிப்பதாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டில் நான் முந்தவில்லை. போர்வைமேல் அம்மாவின் விரல் தட்டுவதை நினைத்துக்கொண்டே எண்ணி, கடைசி அடியை அடித்தேன். ஓசை மெலிந்துகொண்டே போயிற்று. முழுக்க அடங்கிய பிறகும் டீச்சர் கையை இறக்கவில்லை. பக்கத்துப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவ்வளவு நன்றாக அடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று பூரித்துப் போனேன்.

அம்மா இறந்துபோன செய்தியோடுதான் மாமா வந்திருந்தார். "புள்ள அடிச்சு முடிக்கட்டும்" என்று சொன்னவரும் அவர்தான். இதையெல்லாம் டீச்சர் எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து. கையை இறக்க மனசே வரவில்லை என்றும் சொன்னார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், யார் ஜெயித்தது என்று சொல்வதற்குள் மாமா அவசரமாக என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதுதான். அவ்வளவு அவசரப்பட்டவர் நேரே பஸ்ஸுக்குப் போகாமல் ஓட்டலுக்குள் நுழைந்தார். நான் ஒரு தோசை தின்று முடித்ததும் எனக்கு இன்னொன்று வைக்கச் சொன்னார். தனக்கு ஒரு காப்பிகூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியாது என்று அவருக்குத் தெரியும். எனக்கோ, மாமா இன்றைக்கு ஏன் ஒரு கேலிகூடச் செய்யவில்லை என்பதுதான் குறையாக இருந்தது.

பஸ்ஸில் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"கடைசியில எப்படி அடிச்சே, மருமவளே? எங்கிட்ட சொல்லு."

"மாட்டேன் மாமா. அம்மாகிட்டதான் மொதல்ல சொல்லணும்."

"எங்கிட்டயும் சொல்லேன்."

"உங்ககிட்ட சொல்லிட்டா அப்புறம் அம்மாகிட்ட என்னத்தச் சொல்ல?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாரல் முகத்தில் அடித்தும் அவர் மறைப்பை இறக்கிவிடவில்லை. நான் எதையும் சிந்திவிடக் கூடாது என்று தென்காசி வரும்வரை வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெரு திரும்பியதும் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம், செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது என்று நினைத்தேன். வேறு யாராவது அம்மாவிடம் முந்திச் சொல்லிவிடப் போகிறார்களே என்ற பயத்தில், மாமாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.