முன்கூட்டி வைத்த மொய்

ஒரு ரூபாய் நோட்டை மட்டும்தான் அரசே வெளியிடுகிறது. சட்டத்தின் கண்ணில் அது நாணயத்துக்குச் சமம். மற்றதெல்லாம் மத்திய வங்கி ஆளுநர் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி, அதற்கு அரசு ஜாமீன். அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், அந்த நோட்டு கடையில் செல்லாது. வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளத்தான் உதவும். 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போன வாரத்தில், நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்ப்பவனுக்கு இந்த நோட்டுப் பைத்தியம் எதற்கு என்று என் மனைவி கேட்காத நாளில்லை.

"அதெல்லாம் சரிங்கண்ணே. சமையல்காரருக்கு எதக் குடுக்குறது?" என்றார் அந்த அம்மா.

கணவர் இறந்தபின் கேண்டீனில் வேலை பார்த்து மகளை வளர்த்தவர். சனிக்கிழமை மாதா கோயிலில் மகளுக்குக் கல்யாணம். வடலூரில் காய் வாங்க நூறு ரூபாய் நோட்டாக வேண்டும் என்று சமையல்காரர் சொல்லிவிட்டார். வங்கி வரிசையில் கால்கடுக்க நின்று அந்த அம்மாவுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு புது இரண்டாயிரம். அதற்குச் சில்லறை கொடுக்க ஆளில்லை. பந்தி நடக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

அன்று மாலை எங்கள் பிளாக்கில் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"மொய்ய இப்பவே வெச்சிடுங்க. பத்தோ, இருபதோ, செல்லுற நோட்டா குடுங்க. கல்யாணத்தன்னிக்கு வெறுங்கையோட வந்து சாப்பிட்டுப் போங்க."

மொய்யை வாய்விட்டுக் கேட்பதா என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. கேட்ட பிறகு யாரும் கையை விரிக்கவில்லை. பிள்ளைகளின் உண்டியலைக்கூட உடைத்தார்கள். நாங்கள் நூற்றியொன்று வைத்தோம். என்ன துணிச்சல் அந்த அம்மாவுக்கு! எனக்கு வராது.

காய் வந்தது, பந்தியும் நடந்தது. சமையல் கூலிதான் பாக்கி. அதை அன்றே கொடுத்தாக வேண்டும். மண்டபத்தில் அந்த அம்மாவுடைய கணவரின் அண்ணன் மேடையேறித் தடித்த கவர் ஒன்றை நீட்டினார். அந்த அம்மா அங்கேயே பிரித்துப் பார்த்தார். அத்தனையும் பழைய ஐந்நூறு.

"பேங்க்ல போட்டா மாறிடும், வெச்சுக்கம்மா" என்றார் அவர்.

"வெச்சுக்குறேன் மாமா. நாளைக்கு உங்க வூட்டு விசேஷத்துக்கு இதே நோட்டத்தான் திருப்பி வெப்பேன், பரவால்லீங்களா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பெரியவரின் கை மெல்ல உள்பாக்கெட்டுக்குள் போனது. பட்டை பிரிக்காத நூறு ரூபாய்க் கட்டோடு வெளியே வந்தது.