வராதவர்களின் பட்டியல்

நாற்காலி அக்கா என்றால்தான் அவளைச் சுற்றுவட்டாரத்தில் தெரியும். பல்கலைக்கழகப் பேராசிரியர்களைச் சிற்றூர்களுக்கு அழைத்துவந்து, பொதுமக்களிடம் வரலாறும் தத்துவமும் பேசவைப்பது ஒரு அறக்கட்டளையில் அவள் உத்தியோகம். முப்பது பேர் வருவார்கள் என்றால் இருபது நாற்காலிதான் போடுவாள். நாலு பேர் நின்றால்தான் கூட்டம் களைகட்டுமாம். பதினோரு வருடத்துத் தொழில் ரகசியம் அது.

அந்த ரகசியமும் இப்போது பலிக்கவில்லை. கடைசி மூன்று கூட்டங்களில் ஹால் காற்று வாங்கியது. இன்னொன்றும் இப்படிப் போனால் இந்த வட்டாரத்துக் கூட்டங்களையே மூட்டை கட்டிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. ஜனம் வராவிட்டால் ஜனம் இருக்கும் இடத்துக்கே போவோம் என்று, கணவன் டைம்கீப்பராக இருக்கும் பஸ் டிப்போவில், ஷிப்ட் மாறும் நேரத்தில் ஏற்பாடு செய்தாள்.

"உங்க புரொபசர் வந்து டயர் கழட்டப் போறாரா?" என்றான் கணவன். அவள் நடத்திய ஒரு கூட்டத்தையும் மனுஷன் எட்டிப் பார்த்ததில்லை.

பேராசிரியர் பேச ஆரம்பித்தார். இருபது நாற்காலியும் காலி. மெக்கானிக்குகள் பஸ்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஓடிப்போய், "வந்து உட்காருங்களேன்" என்று கெஞ்சினாள்.

"கிரீஸ் பேண்டோட எப்படிக்கா? வெள்ளை நாற்காலியாச்சே!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இவ்வளவு பேரை ஒதுக்கி நிறுத்தியது அவள் போட்ட நாற்காலிகளேதான். மளமளவென்று எல்லாவற்றையும் அடுக்கி ஓரங்கட்டினாள். உடனே பழைய டயர்களை உருட்டிவந்து எல்லோரும் பேராசிரியரைச் சூழ்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர் திரையில் ஒரு கல் சில்லைக் காட்டினார். "மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி ராஜாக்களுக்குக் கல்லறை வெட்டின வேலையாட்களோட வருகைப் பதிவு இது. யார் வரலை, ஏன் வரலைன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தரைத் தேள் கொட்டியிருக்கு. ஒருத்தரோட அம்மாவுக்கு உடம்பு சரியில்லை."

"போன வாரம் லீவுக்கு நானும் அதைத்தானே சொன்னேன்!" என்றார் ஒரு மெக்கானிக். டிப்போவே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அத்தனை பேரும் அந்தச் சில்லையே வாய் பிளந்து பார்த்தார்கள்.

கணவன் தன் அறையிலிருந்து எழுந்து வந்திருந்தான், கையில் ஆட்களின் வருகையைக் குறிக்கும் ரிஜிஸ்டரோடு.

"சார், அந்த அம்மாவுக்கு அப்புறம் குணமாச்சா?"

"தெரியலைங்க. எழுதி வைக்கலை."

"எழுதியிருக்கணும் சார்" என்றான். பார்வை கையிலிருந்த ரிஜிஸ்டருக்குப் போனது. இருபது வருடம் கூட இருந்தும் அவளுக்கு இந்த மனுஷனை இப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது.

டயர்க் கூட்டத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, தொடர்ந்து நடத்துங்கள் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

விட்டுப்போன புரொஜெக்டர் ஒயரை எடுக்க மூன்றாம் நாள் டிப்போவுக்குப் போனாள். மேசைமேல் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. முந்தாநாள் தேதியில் ஒரு டிரைவரின் பெயருக்கு நேரே, 'வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கிக் கணவன் எழுதியிருந்தான்: 'மகள் தேறிவிட்டாள்.'