ஊட்டிக்கு வாரேன்

நாமக்கல் பரமத்தி ரோட்டில் எனக்கு ஒரு போன் கடை இருக்கிறது. பெரிய ஷோரூம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஷட்டர், ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் ரிப்பேர் மேசை, மேசைக்குப் பின்னால் நான். புதுசும் விற்பேன், பழசும் விற்பேன், செத்துப்போனதைத் திறந்தும் பார்ப்பேன். பெயர் ஜாக்குலின். பிறந்தது சேலத்தில், வாழ்க்கைப்பட்டது இங்கே.

இந்த ஊர்ப் போன்களுக்கென்று தனி வியாதி உண்டு. கோழிப்பண்ணைக்காரர் போன் என்றால் சார்ஜ் போடுகிற ஓட்டையில் தீவன மாவு அடைத்திருக்கும். முட்டை லாரிக்காரர் போன் என்றால் மைக் ஓட்டையில் மஞ்சள் கரு காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும். ஊசியை விட்டுச் சுரண்டி எடுப்பேன். அந்த வாடை கையை விட்டு லேசில் போகாது. கொடுத்தவரோ, "சும்மா தொடச்சதுக்கா இவ்வளவு காசு?" என்பார். எனக்கு வாயில் நன்றாக வந்துவிடும்.

எனக்குப் பொறுமை கம்மி என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டு இருக்கிற போனையெல்லாம் இறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் வாங்கி, கண்ணாடி ஒட்ட மட்டும் என்னிடம் கொண்டுவருகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் என்னிடம் போன் வாங்கிப்போனவர் ஒருத்தர்தான். அவர் குழந்தைவேல்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் அவருக்கு ஊர். முட்டை லாரி ஓட்டுகிறார். இங்கே பண்ணைகளில் ஏற்றி, பாலக்காடு வழியாகக் கேரளத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலி அட்டைகளோடு திரும்பி வருவார். எட்டாவது வரை பள்ளிக்கூடம் போனதற்குச் சான்றிதழ் வைத்திருக்கிறார். எழுத்துதான் கைக்கு ஏறவில்லை. ஊர்ப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பார். தமிழ்ப் பலகையும் மலையாளப் பலகையும் தனக்கு ஒரே கஷ்டம்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பேச்சும் வண்டி ஓட்டுகிற மாதிரியே நிதானம். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு வேகத்தடை இருப்பதுபோல் ஏறி இறங்கித்தான் வருவார். மைக் ஓட்டையைச் சுத்தம் செய்ய மாதாமாதம் வருவார், கேட்ட காசைக் கொடுப்பார், போவார். அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு நாள் முற்பகலில் வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கொட்டினார்.

"ஏனுங்க அக்கா, இதைத் தேத்த முடியுங்களா?"

முந்தின நாள் பண்ணையில் லோடு ஏற்றும்போது குனிந்தாராம். பையிலிருந்த போன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. பின்னால் எடுத்த வண்டியின் டயர் அதன்மேல் ஏறி இறங்கிவிட்டது.

"அண்ணா, இது போன் இல்லை, அப்பளம்" என்றேன்.

சிம் கார்டு மட்டும் எப்படியோ பிழைத்திருந்தது. அதை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தபடியே, "அப்ப வேற ஒண்ணுதான் வாங்கோணும். ஆறாயிரம் இருக்குதுங்க. அதுக்கு மேல எகிற முடியாது" என்றார்.

ஆறாயிரம் என்பது என் தொழிலில் ரொம்பச் சங்கடமான தொகை. புதுசில் கடைசிப் படி, பழசில் நடுப் படி. நான் வியாபாரி, விற்காமல் தங்கிவிட்ட ஒரு புதுப் போனை முதலில் எடுத்து வைத்தேன். முதுகில் மூன்று வட்டமாகக் கேமரா மாதிரி இருக்கும், அதில் ஒன்றுதான் நிஜம். பளபளப்பைப் பார்த்து மயங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் பேசினா இது எழுதுமுங்களா?"

"எல்லாப் போனும் எழுதும், அண்ணா."

"எழுதுமுங்க. நான் பேசறதை எழுதுமான்னுதான் கேக்கறேன்."

வேலை நேரத்தில் விடுகதை போடுகிறாரே என்று எரிச்சல் வந்தது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ, தானாகவே விளக்கமாகச் சொன்னார்.

அவர் மனைவி அறிவுச்செல்வி பத்தாவது படித்தவர். கல்யாணமாகிச் சில வருடங்களில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பேச்சு போகவில்லை, கேட்பதுதான் இல்லை. ஆகவே வீட்டில் இருக்கும்போது கை ஜாடையும் உதட்டசைவுமாக ஓடிவிடும். வண்டியில் இருக்கும்போது? இவருக்கு எழுத வராது, அவருக்குக் கேட்காது. அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இவர் போனில் பேசுவார், போன் அதை எழுத்தாக்கி அனுப்பும், அவர் படிப்பார். பதிலுக்கு அவர் பேசிப் பதிவு செய்து அனுப்புவார், இவர் கேட்பார்.

"வீடியோவுல பேசலாமே, அண்ணா?"

"பாத்தமுங்க. படம் முன்னால போவுது, ஒதடு பின்னால வருது. அதுமில்லாம இந்த மீசையில ஒதடு எங்கிருந்து தெரியும்? எடுங்கறா. எடுத்தா மலையாளத்தான் மாதிரி இருக்குதுன்னு அதுக்கும் சிரிக்கறா."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் எனக்கு விஷயமே உறைத்தது. முந்தின நாள் காலையிலிருந்து இவரிடமிருந்து அந்த அம்மாவுக்கு ஒரு தகவலும் இல்லை. சாயங்காலம் அடுத்த லோடு. வீட்டுக்குப் போய்வர நேரம் கிடையாது. என் போனிலிருந்து வேண்டுமானால் ஒரு தகவல் அனுப்புங்கள் என்று நீட்டினேன். தலையை ஆட்டினார்.

"தெரியாத நம்பர்னா தொறக்கவே மாட்டாளுங்க. பக்கத்து ஊட்டுக்காரர் போனு தொலஞ்சு, எடுத்தவன் அவராட்டமே எழுதிப் பணம் வாங்கிட்டான். அதுலேர்ந்து பயம்."

சரி, இனி விளையாட்டு வேண்டாம் என்று மூன்று வட்டக் கேமராவை உள்ளே தள்ளிவிட்டு, அந்த விலையில் இருந்த இன்னொரு புதுப் போனை எடுத்து நீட்டினேன். கடை வாசலில் நின்று பேசிப் பார்த்தார். ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. போன் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார்.

"சேறு தின்னுட்டியா" என்று வாசித்தேன்.

"சோறுங்க! கட்டிக்கிட்டு வந்ததிலேர்ந்து அவளைச் சேறு தின்னச் சொன்னதில்லீங்க நானு" என்று பதறினார்.

அவர் பழைய போன் மட்டும் சுத்தமாக எழுதியதா என்று கேட்டேன். அதுவும் தப்புத் தப்பாகத்தான் எழுதுமாம். ஆனால் அந்தத் தப்புகள் அறிவுச்செல்விக்குப் பழகிவிட்டன. முக்கியமாக ஒரு தப்பு.

பேசி அனுப்பப் பழகிய புதிதில் நடந்தது அது. திருச்சூரில் முட்டையை இறக்கிவிட்டு, "நாளைக்கு ஊட்டுக்கு வாரேன், ரெடியா இரு" என்று போனில் சொன்னார். திரும்புகிற வழியில் வீட்டிலிருந்து மூட்டை ஒன்றை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, அதைத்தான் எடுத்து வைக்கச் சொன்னது. வீட்டை ஊடு என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. போனுக்கு அது தெரியுமா? "நாளைக்கு ஊட்டிக்கு வாரேன், ரெடியா இரு" என்று எழுதி அனுப்பிவிட்டது. இவருக்கு அது தெரியாது. மறுநாள் வந்து பார்த்தால் அறிவுச்செல்வி பட்டுப் புடவை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில், சந்தைக்குப் போய் குளிருக்கென்று அவசரமாக வாங்கிய அரக்கு நிறக் கம்பளிச் சொட்டர்.

"என்ன, அண்ணா, பண்ணீங்க?"

"என்னத்தைப் பண்றது? கட்டுன நாளிலேர்ந்து பக்கத்து மலைக்குக்கூடக் கூட்டிட்டுப் போவல நானு. போனை மூஞ்சிக்கு நேரா நீட்டறா. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கறேன். பாதி நாள் பேசல. அப்புறம் அவளே சிரிச்சுட்டா."

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் வீட்டின் பெயர் ஊட்டி. ஒவ்வொரு லோடுக்கும் போன் அதே தப்பை எழுதியது. அவரும் திருத்தவில்லை, அந்த அம்மாவும் திருத்தச் சொல்லவில்லை.

எனக்கு என்னமோ அந்த மனிதருக்கு நல்ல போனாக ஒன்று கொடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. உள்ளே ஒரு பழைய போன் கிடந்தது. யாரோ மாற்றிவிட்டுப் போனது. முதுகு விரிசல், முன்னும் பின்னும் கேமராக் கண்ணாடி முழுக்கக் கீறல். படம் எடுத்தால் மார்கழிப் பனியில் எடுத்த மாதிரி இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் வைக்க வெட்கப்பட்டு ஓரமாக வைத்திருந்தேன். ஆனால் ஒரு காலத்தில் விலை உயர்ந்த போன். மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக் என்று இரண்டு உண்டு. சுற்றி இருக்கிற சத்தத்தைக் கழித்துவிட்டுப் பேசுகிறவர் குரலை மட்டும் எடுக்கும். ஆறாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

அவருடைய சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பை அதே நம்பரில் ஏற்றிக் கையில் கொடுத்தேன். எதிர்ச் சாரியில் இன்ஜினை அணைக்காமல் ஒரு லாரி நின்றிருந்தது. வேண்டுமென்றே அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பேசினார். திரும்பி வந்து என்னிடம் நீட்டினார்.

"போன் உடஞ்சு போச்சு. வேற வாங்கியிருக்கேன். பயப்படாதே. சனிக்கிழமை வீட்டுக்கு வாரேன்."

ஒரு எழுத்து பிசகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா, அண்ணா! ஊட்டின்னு போடல. வீட்டுக்குன்னே போட்டிருக்கு. உங்க பேச்சு இதுக்குப் புரியுது."

"அப்படிங்களா" என்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினார். பணத்தை எண்ணிக் கொடுத்தார். பழைய போனின் துண்டுகளைப் பையில் திரும்ப அள்ளிக்கொண்டார்.

படியிறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. தன் குரல் தனக்குக் கேட்காததால் அந்த அம்மா எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாராம். டீக்கடையில் இருந்தால் தள்ளிப்போய்க் கேட்பது குழந்தைவேல் வழக்கம். இது கைக்குப் பழகாத போன். எங்கே ஒலியைக் குறைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடை முழுக்க அந்தக் குரல் அடித்தது.

"யாருங்க நீங்க? எங்க ஊட்டுக்காரரு போனு உங்க கையில எப்படி வந்துச்சு? அவரு எங்க? அவருக்கு ஒண்ணும் ஆகலீங்களே? வீட்டுக்குன்னு அவரு எழுத மாட்டாருங்க. பணம் வேணும்னா எடுத்துக்கங்க, ஆளு எங்கன்னு மட்டும் சொல்லிருங்க சாமி."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. ஒரு நாளும் ஓர் இரவும் தகவலில்லாமல் இருந்தவருக்கு, கடைசியில் வந்த தகவல் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சுத்தமான எழுத்தில்.

"அண்ணா, வீடியோ போடுங்க, மூஞ்சியைக் காட்டுங்க" என்றேன்.

போட்டார். அந்தப் பக்கம் துண்டித்தார்கள். மறுபடி போட்டார். மறுபடி துண்டித்தார்கள். போட்டோ அனுப்பலாம் என்றால் கேமராவோ பனி. குழந்தைவேல் முகம் சுண்டிப்போய் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, இந்தப் போனைப் பழையபடி தப்பா எழுத வெக்க முடியுங்களா?"

இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு ரிப்பேரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "முடியாது, அண்ணா. நீங்கதான் தப்பாச் சொல்லணும்" என்றேன்.

புரிந்துகொண்டார். போனை மீசைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைத்தார்.

"சனிக்கெழமை... ஊட்டிக்கு... வாரேன்."

அனுப்பினார். இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். டெம்பர்டு கிளாஸ் விலை கேட்டு ஒருவர் வந்தார். இருங்கள் என்று கை காட்டினேன்.

வந்தது. அதே சத்தம்தான், ஆனால் அழுகையும் சிரிப்பும் கலந்து மூக்கடைத்த குரல்.

"சொட்டரு எடுத்து வெக்கட்டுங்களா?"

குழந்தைவேல் அதை இரண்டாம் முறை போட்டுக் கேட்டார். ஒலியைக் குறைக்கிற பொத்தான் எது என்று காட்டக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு முறை போட்டார்.