ஓடாத காருக்குக் காவல்

ஒரு காரை எத்தனை வருடம் வைத்திருக்கலாம் என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் எல்லோரிடமும் ஒரு விடை இருந்தது. என்னிடம் மட்டும் இல்லை. கார் என்னுடையது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

ஜேர்மனியில் இருக்கும் மைத்துனன் ஏழு வருடம் என்பான். அதற்கு மேல் வைத்திருப்பவனை அங்கே அயலட்டம் ஒருமாதிரிப் பார்க்குமாம். உடுப்பிட்டியில் எங்கள் அயலட்டம் என்னை எப்போதோ ஒருமாதிரிப் பார்க்கத் தொடங்கிவிட்டதால் அந்தப் பயம் எனக்கில்லை. கராச்காரர், அடித்தகடு கழன்று றோட்டில் விழும்வரை ஓடலாம் என்பார். எங்கள் கார் மாதத்தில் பாதி நாள் அவருடைய கொட்டிலில்தான் நின்றது. ஆகவே அவருடைய கருத்தை அளவாகத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த காலத்தில் அங்கிருந்து நானே ஓட்டிவந்த வெள்ளை ஜப்பான் கார் அது. வெள்ளை என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். பெரிய வேலை ஒன்று வந்தால் விற்றுவிடுவது என்று ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் போட்டிருந்தேன். சட்டம் நல்லதுதான். வந்த வேலையெல்லாம் சின்ன வேலையாகவே எனக்குத் தெரிந்தது. கியர்ப்பெட்டியை இறக்கி ஏற்றியதையும் சின்ன வேலைக்குள்தான் சேர்த்தேன். பற்றரி மாற்றினால், புதுப் பற்றரி போட்ட காரை யாராவது விற்பார்களா என்று தோன்றும். பற்றரி பழசாகும்போது ரயர் நான்கும் புதிதாக இருக்கும். ரயர் தேயும்போது ரேடியேற்றர் புதிது. ஒரு காரின் உறுப்புகள் எல்லாம் ஒரே நாளில் பழசாவதேயில்லை. கடைசியில் உள்ளே இருந்தவற்றில் நான் ஒருவன்தான் மாற்றப்படாத உறுப்பு.

நான் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வருகிற கோவையில் "ஆவன செய்யவும்" என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம். முடிவெடுக்காமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கிய ஒருவனிடம் வீட்டில் ஒரு முடிவைக் கேட்டால் என்ன செய்வது? அடுத்த மேசையும் இல்லை. காலையில் எழுந்தவுடன் காரைச் சுற்றி ஒரு நடை நடப்பேன். ரயரைக் காலால் தட்டிப் பார்ப்பேன். தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஒரு சுற்று. கோயிலுக்கே நான் இவ்வளவு சுற்றியதில்லை என்று மனைவி சொன்னாள்.

மனைவி கரவெட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். ஓய்வுபெற இன்னும் காலம் இருக்கிறது. நாள்தோறும் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது என் உத்தியோகம். கார் எத்தனை வருடம் இருக்கவேண்டும் என்று அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, நீர்வேலியில் ஒரு சொந்தக்காரக் கலியாணம் நடந்த நாள்வரை.

அன்று வல்லை வெளியின் நட்ட நடுவில் கார் நின்றது. வல்லை வெளியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் உப்புத்தரை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை, காற்று மட்டும் தாராளம். மனைவி கூறைச்சேலை மாதிரி ஒரு சேலையில், தலை நிறையப் பூவோடு இருந்தாள். நான் பொனற்றைத் திறந்து உள்ளே பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆனால் கார் நின்றால் ஆண்பிள்ளை அப்படித்தான் பார்க்கவேண்டும். முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கியது. வந்த வான்களெல்லாம் ஆள் நிரம்பி வந்தன. கடைசியில் வெங்காயம் ஏற்றிய லான்ட்மாஸ்ரர் ஒன்று வந்தது. கையால் பிடித்து ஓட்டுகிற அந்தச் சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் மூட்டைகளுக்கு மேலே மனைவியை ஏற்றி அனுப்பிவிட்டு, நான் காரோடு நின்றுகொண்டேன்.

கலியாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்பிள்ளைகளுக்கு முன்னால் அந்த லான்ட்மாஸ்ரர் போய் நின்றதையும், வீடியோக்காரன் அதைப் பிடித்ததையும், மணமகளின் அம்மா "எங்கை மற்ற மூட்டை?" என்று என்னைத் தேடி அவளிடம் கேட்டதையும் பிறகு பலர் எனக்குச் சொன்னார்கள். மனைவி சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சேலையிலிருந்து வெங்காயச் சருகைத் தட்டிக்கொண்டு ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்.

"இனி நான் உந்தக் காரிலை ஏறமாட்டன்."

மறுநாள் காலை மினிபஸ்ஸில் ஏறிப் போனாள். கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். கார் கராச்சிலிருந்து வந்து, நன்றாக ஓடி, நான் வாசலில் ஹோர்ன் அடித்தும் அவள் கேற்றைத் திறந்துகொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தாள். எனக்கு வீட்டில் இருக்கமுடியவில்லை. செய்யக்கூடாத ஒரு வேலையைச் செய்தேன். அந்த மினிபஸ்ஸுக்குப் பின்னால் காரை ஓட்டிக்கொண்டு கரவெட்டிவரை போனேன். பஸ் நின்ற இடமெல்லாம் நானும் நின்றேன். மழை வந்தாலோ பஸ் பழுதானாலோ அவள் என்னிடம்தானே வரவேண்டும்? பஸ் பழுதாகவில்லை. மறுநாளும் போனேன். நடத்துனர்ப் பொடியன் பின்கதவில் தொங்கிக்கொண்டு, "ரீச்சர், சேர் இண்டைக்கும் வாறார்" என்று உள்ளே அறிவித்தானாம். அன்று பின்னேரம் அவள் என்னிடம் கதைக்கவேயில்லை.

அதன் பிறகுதான் விற்பது என்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவை வைத்துக்கொண்டு இருந்தேன். ஆடி மாதம் வந்தது. ஆடியில் யார் நல்ல காரியம் தொடங்குவார்கள்? ஆடி போனது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து பொருள் வெளியே போகக்கூடாது. மிச்ச நாட்களில் ராகுகாலம் வந்து குறுக்கே நின்றது. அதுவரை கலண்டரில் லீவு நாளை மட்டும் பார்த்துவந்த நான் பஞ்சாங்கம் வாங்கினேன்.

நெல்லியடியில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர், நான் கூப்பிடாமலே கார் பார்க்க வந்தார். மனைவிதான் சொல்லி அனுப்பியிருக்கவேண்டும்.  ஆளைத் துரத்த நல்ல வழி உண்மையைச் சொல்வது என்று நினைத்து, காரின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வல்லை வெளியில் நின்றதைச் சொன்னேன். குளிரூட்டி வேலை செய்யாது, ஆனால் சத்தம் போடும் என்றேன். பின் இடது கதவை உள்ளிருந்துதான் திறக்கலாம், ஆனபடியால் ஒருவர் எப்போதும் உள்ளே இருக்கவேண்டும் என்றேன். மழை பெய்தால் கால்வைக்கும் இடத்தில் மீன் வளர்க்கலாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணை, நான் கன கார் பாத்திட்டன். எல்லாரும் தங்கடை கார் தங்கம் எண்டுதான் சொன்னவை. குறையைச் சொன்னது நீங்கள் ஒராள்தான். உங்களிட்டைத்தான் நான் கார் வாங்குவன்."

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. மனைவி சிரித்தால் கையில் இருப்பது விழும்.

அவர் நாள் குறித்துவிட்டுப் போனார். நான் காரைச் சுற்றி நடந்தேன். அந்த வாரமே என் சித்தப்பா காலமானார். மிகவும் வயதாகி, நெடுங்காலம் படுக்கையில் கிடந்தவர். துன்பத்திலிருந்து விடுபட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் விடுபட்டேன். அப்பாவின் கூடப்பிறந்தவர் என்பதால் எங்கள் வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைவரை துடக்கு, தீட்டு. துடக்கு வீட்டிலிருந்து வாகனம் வாங்கி யார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வார்கள்? நெல்லியடிக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவரும் துடக்குக் கழியட்டும் என்று ஒத்துக்கொண்டார். செத்தவீட்டில் நான் பொறுப்பான முகத்தோடுதான் நின்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் வந்து, "இஞ்சாருங்கோ, ஆக்கள் பாக்கினம், பல்லை மூடுங்கோ" என்றாள்.

அந்தியேட்டிக்குக் கடலோரத் தீர்த்தமான கீரிமலைக்குப் போகவேண்டும். ஒழுங்குசெய்த வானில் சித்தப்பாவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஏறியதும் இடம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு மாமிமாரும், ஒரு வாழைக்குலையும், என் மனைவியும். அவள் வானின் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். உள்ளே ஒரு குழந்தைக்குக்கூட இடமில்லை. பிறகு காரடிக்கு வந்தாள். எனக்குள் ஒரு துள்ளல். முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவள் வாழைக்குலையைத் தூக்கி முன் இருக்கையில் வைத்து, அதற்குப் பெல்ற்றும் போட்டுவிட்டு, பின்னால் மாமிமாருக்கு நடுவில் போய் இருந்துகொண்டாள்.

வல்லை தாண்டும்வரை சூடுகாட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.  அச்சுவேலி வந்ததும் மூத்த மாமி கேட்டார்.

"ஏன் பிள்ளை, புருசனோடை முன்னுக்கு இருக்காமல் இஞ்சை வந்து நெரிபடுறாய்?"

"அவருக்கு உப்பிடிச் சொன்னதைக் கேக்கிற ஆக்கள் பக்கத்திலை இருந்தாத்தான் பிடிக்கும் மாமி. வாழைக்குலை வாய் திறக்காது."

மாமிமார் கீரிமலைவரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

கிரியைகள் முடிந்து கேணியில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு நேரே காரடிக்கு வந்து பொனற்றைத் திறந்தேன். ரேடியேற்றரில் தண்ணீர் பார்க்கவேண்டும், திரும்பிப்போக வேண்டுமே. மனைவி பெண்கள் பக்கத்துக் கேணியால் வந்தாள். ஈரத்தலையைத் துவாயால் கட்டியிருந்தாள். மாமிமார் இன்னும் மடத்தில் இருந்தார்கள். கடல் இரைந்துகொண்டிருந்தது. அவள் பொனற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்டைக்கு நான் வெங்காய மூட்டையிலை போகேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"காரோடை நிண்டனான்."

"ஏன் நிண்டனீங்கள்?"

"ஆரும் களவெடுத்துக்கொண்டு போனாலும் எண்டு."

"ஓடாத காரையோ?"

நான் ரேடியேற்றர் மூடியைத் திருகி இறுக்கினேன்.  

"கார் நிண்டதுக்கு நான் கோவிக்கேல்லை," என்றாள். "கார் எண்டா நிக்கும்தான். நான் அந்த மூட்டைக்கு மேலை இருந்து திரும்பிப் பாத்தனான். நீங்களும் ஏறி வருவியள் எண்டு நினைச்சனான். உங்களுக்கும் அதிலை இடம் இருந்தது. நீங்கள் உப்பிடித்தான், உதைத் திறந்துகொண்டு குனிஞ்சு நிண்டியள். தனிய ஒரு மூட்டையாப் போய் இறங்கினன்."

நான் அத்தனை மாதமாகக் கார் நின்றதற்குத்தான் வழக்கு நடக்கிறது என்று நினைத்து, பற்றரி, ரயர், கராச் என்று சாட்சிகளைக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். வழக்கு என்மீது என்பது பிரதிவாதிக்குத் தெரியவில்லை.

பொனற்றை மூடினேன். ஈரக்கையோடு தொலைபேசியை எடுத்து நெல்லியடிக்காரரைக் கூப்பிட்டேன். இன்றோடு துடக்குக் கழிகிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். மனைவி கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள். திங்கள் வேண்டாம், எனக்குப் பள்ளிக்கூடம், சனிக்கிழமை வாங்கோ என்று அவரிடம் சொன்னாள். வைத்த பிறகு என்னிடம் விளக்கம் தந்தாள்: "நீங்கள் தனிய நிண்டா கதையை மாத்திப்போடுவியள்."

சனிக்கிழமை அவர் வந்தார். விற்பனையை முழுவதும் மனைவியே நடத்தினாள். நான் பின் இடது கதவை உள்ளிருந்து திறந்து காட்டும் வேலையை மட்டும் செய்தேன். பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போது பேனை ஒருமுறை நின்றது. அவள் இருமினாள். வைத்துவிட்டேன். கார் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கவேண்டிய இடத்தையே பார்த்தேன், அவளுடைய முகத்தை. அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை, காதெல்லாம் ஒழுங்கை முடக்கில்தான் இருந்தது.

அதன் பிறகும் எனக்கு ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை. கார் நின்ற இடத்தைச் சுற்றி நடக்கிறேன். அங்கே இப்போது எண்ணெய்க் கறை ஒன்றுதான் இருக்கிறது. வெளிநாட்டு வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் போய் இப்போது கப்பல் கப்பலாக இறங்குகிறது, விலை மட்டும் இறங்கவில்லை. மைத்துனன் ஜேர்மனியிலிருந்து படம் படமாக அனுப்புகிறான். மின்சாரக் கார் வாங்குங்கோ அத்தான் என்கிறான். கராச்காரர் மின்சாரக் கார் என்றாலே முகத்தைச் சுளிக்கிறார். நான் இரண்டு பேருக்கும் ஓம் சொல்லிவிட்டு அடுத்த மேசையைத் தேடுகிறேன்.

போன கிழமை ஒரு நீலக் காரைப் பார்க்க இரண்டு பேரும் போனோம். மனைவி சுற்றிப் பார்க்கவில்லை, ரயரைத் தட்டவில்லை. முன்கதவைத் திறந்து ஏறி, இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கால் நீட்டி இருந்தாள். நான் மற்றப் பக்கத்தால் ஏறி ஸ்ரெயறிங்கைப் பிடித்தேன். கார்க்காரர் யன்னலால் தலையை நீட்டி, எட்டு வருடமாக வைத்திருக்கிறேன், ஒருநாளும் வழியில் நின்றதில்லை என்று சத்தியம் செய்தார்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"நிக்கட்டும். நிக்கேக்கைதான் நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு பாக்கவேணும்."

கார்க்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சாவியைத் திருப்பினேன்.